ஓசூர் பட்டறையில் ராணுவ வாகனத்துக்கான ரேடியோ பெட்டி: முதலில் வெப்பமும் எர்த்தும், கடைசியில்தான் ரேடியோ

வாகன உதிரிபாகம் கடைந்து பழகிய ஓசூர் பட்டறைகளுக்கு இப்போது வேறு மாதிரி வரைபடங்களும் வரத் தொடங்கியிருக்கின்றன. 2019 ஜனவரி 20 அன்று திருச்சியில் தொடங்கிவைக்கப்பட்ட தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னை, கோவை, சேலம், திருச்சியோடு ஓசூரும் ஒரு முனையம். நாற்பது கிலோமீட்டர் தள்ளி பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ், டி.ஆர்.டி.ஓ.வின் ரேடார் ஆய்வகம் எல்லாம் இருக்கின்றன. வரைபடத்தைப் பார்த்ததும் "ரேடியோ நமக்கு எதற்கு?" என்று தோன்றும். சிப்பும் போர்டும் தயாராகவே வந்துவிடும். இந்தப் பெட்டிகள் சோதனையில் விழுவது பெரும்பாலும் இரண்டு பொருள்கள் சந்திக்கும் இடத்தில்: உலோகமும் உலோகமும், சிப்பும் பேடும் (வெப்பம் கடத்தும் மெத்தை), கேபிளும் கனெக்டரும். அந்த இடங்கள் எல்லாம் பட்டறைக்காரரின் கையில்தான் இருக்கின்றன.

இங்கே எடுத்துக்கொள்ளும் பெட்டி இது. வெளி அளவு 250 × 200 × 150 மி.மீ. முழுக்க மூடியது, ஃபேன் கிடையாது. உள்ளே மூன்று 3யூ வி.பி.எக்ஸ். (ராணுவக் கருவிகளில் பழகிய கார்டு வகை) கார்டுகள், ஒவ்வொன்றும் 100 × 160 மி.மீ. ஒன்று பவர் சப்ளை, இன்னொன்று 20 வாட் எடுக்கும் கணினி, மூன்றாவது 18 வாட் எடுக்கும் ரேடியோ கார்டு. ரேடியோ கார்டில் ஜிங்க் (Zynq) 7000 வகை சிப்பும், 70 மெகாஹெர்ட்ஸிலிருந்து 6 கிகாஹெர்ட்ஸ் வரை கேட்கும் ஏ.டி.9361 போன்ற டிரான்சீவரும் (அலையை வாங்கி அனுப்பும் சிப்) இருக்கும். அதற்குக் கீழே தொடங்கும் 30 முதல் 88 மெகாஹெர்ட்ஸ் தரைப்படை வி.எச்.எஃப். அலைவரிசைக்குத் தனி முன்பகுதி. பவர் சப்ளையின் திறன் 88 சதவீதம் என்றால், 38 வாட் லோடுக்கு உள்ளே போவது 43 வாட். அவ்வளவும் வெப்பமாகி வெளியே வந்தாக வேண்டும்.

ஆர்டரை ஒப்புக்கொள்ளும் முன்

எந்த ஸ்டேண்டர்டின் எந்தப் பதிப்பு என்று எழுத்தில் வாங்குங்கள். இந்தியத் தரைப்படைக் கருவிகளுக்கு வழக்கமாக ஜே.எஸ்.எஸ். 55555:2012 (சூழல் சோதனைக்கான இந்திய ராணுவத் தரம்), மின்காந்தக் குறுக்கீட்டுக்கு மில்-ஸ்டேண்டர்ட் (அமெரிக்க ராணுவத் தரம்) 461ஜி, வாகன 28 வோல்ட்டுக்கு மில்-ஸ்டேண்டர்ட் 1275. 1275-இல் 'டி'யா, 'இ'யா, 'எஃப்'பா என்பது முக்கியம். எஞ்சின் ஸ்டார்ட் ஆகும்போது மின்னழுத்தம் எவ்வளவு கீழே இறங்கலாம் என்பது பதிப்புக்குப் பதிப்பு மாறுகிறது. பெட்டி வாகனத்துக்கு உள்ளேயா, வெளியே வெயிலிலா என்பதையும் கேளுங்கள். இந்த ஒரு பதிலில் பெட்டியின் அளவே மாறிவிடும்.

அனுமதி இல்லாமல் ஆன்டெனா மாட்டி ஒலிபரப்பக் கூடாது. தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு கொடுக்கும் உரிமம் வேண்டும். மேசைச் சோதனை முழுவதும் 50 ஓம் டம்மி லோடில்தான் (ஆன்டெனாவுக்குப் பதிலாக மாட்டும் தடை).

வெப்பம்

முதலில் வெளிச்சுவர். அசையாத காற்றில் பெயின்ட் அடித்த பரப்பு, கதிர்வீச்சையும் சேர்த்து, சதுர மீட்டருக்கு டிகிரிக்கு ஏறத்தாழ 10 வாட் வெளியேற்றும். அடிப்பக்கம் வாகனத்தில் உட்கார்ந்துவிடுவதால் மிச்சம் 0.185 சதுர மீட்டர். 43-ஐ 1.85-ஆல் வகுத்தால் 23 டிகிரி உயர்வு. வெளியே 55 டிகிரி என்றால் சுவர் 78-இல் நிற்கும். இரண்டு நீளப் பக்கங்களிலும் 15 மி.மீ. உயரத்தில் ஃபின் எடுத்தால் சுமார் 70-க்கு வரும். ஃபின்களுக்கு இடையே 8 மி.மீ. விடுங்கள். நெருக்கமாக எடுத்தால் பரப்பு கூடும், ஆனால் நடுவில் காற்று நகராது. ஃபின் செங்குத்தாக ஓட வேண்டும். கடைவதற்கு வசதி என்று படுக்கையாக எடுத்துவிட்டு, பிறகு வெப்ப அறையில் முழிப்பது அடிக்கடி நடக்கிற கூத்து.

வெயில் தனிக் கணக்கு. மேல்பக்கம் 0.05 சதுர மீட்டர். நண்பகல் வெயில் சதுர மீட்டருக்கு 1,000 வாட். கரும்பச்சைப் பெயின்ட் அதில் பத்தில் ஒன்பதை உறிஞ்சும். ஆக 45 வாட். பெட்டி தானாக உண்டாக்குவது 43 வாட்தான்! வெளியே பொருத்தும் பெட்டி என்றால் 10 மி.மீ. இடைவெளி விட்டு மேலே ஒரு தகட்டு நிழல் போடுவது, உள்ளே செய்யும் எந்த மாற்றத்தையும்விட மலிவு. ஓசூரின் 25 டிகிரியில் மேசைமேல் ஒழுங்காக ஓடிய பெட்டியை நம்பி அனுப்பிவிடாதீர்கள். ஏப்ரலில் தருமபுரிப் பக்கம் ஒரு மொட்டை மாடியில் மூன்று மணி நேரம் வைத்து உள் வெப்பநிலையைப் பதிவு செய்தாலே, சோதனைக்கூடத்துக்குப் பணம் கட்டும் முன் பாதி உண்மை தெரிந்துவிடும்.

இனி சுவரிலிருந்து சிப்வரை. சுவர் 71 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். ரேடியோ கார்டின் 18 வாட் இரண்டு ஓரங்களிலும் ஒன்பது ஒன்பதாகப் பிரியும். வெட்ஜ் லாக் (கார்டின் ஓரத்தைப் பெட்டிப் பள்ளத்தில் இறுக்கும் ஆப்புப் பூட்டு) பிடிக்கும் இடத்தில் வாட்டுக்கு அரை டிகிரி என்றால் 4.5 டிகிரி. சிப்பின் 10 வாட், 3 மி.மீ. தடிமனும் 60 மி.மீ. அகலமும் உள்ள 6061 அலுமினியத் தகட்டில் இருபுறமும் 45 மி.மீ. ஓடி ஓரத்துக்கு வர 7.5 டிகிரி. சிப்புக்கும் தகட்டுக்கும் நடுவே 1 மி.மீ. தெர்மல் பேட், கடத்துதிறன் 3, சிப் 23 மி.மீ. சதுரம்: 6.3 டிகிரி. சிப்புக்குள் இன்னும் 2.5. கூட்டினால் 92. தொழில்தர ஜிங்க் சிப்பின் எல்லை 100. எட்டு டிகிரி மிச்சம்.

இப்போது தகட்டின் பாக்கெட்டை ஒரு மி.மீ. ஆழமாகக் கடைந்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். "பேடை இரண்டாகப் போட்டுக்கலாம்" என்பார்கள். 6.3 டிகிரி 12.6 ஆகும், சிப் 98-க்குப் போகும். சகிப்பளவு வரைபடத்தில் இந்த ஆழத்துக்கு மட்டும் கூட்டல் கழித்தல் 0.1 மி.மீ. கேளுங்கள்; மற்ற இடங்களில் தளர்த்திக்கொள்ளலாம்.

வெட்ஜ் லாக் உட்காரும் முகம் இன்னும் கண்டிப்பானது. 140 × 5 மி.மீ. முகத்தில் முழுக்க 0.1 மி.மீ. காற்று நின்றால் ஒன்பது வாட்டுக்கு 40 டிகிரிக்கு மேல் விழும். கிருஷ்ணகிரி கிரானைட்டுக்குப் பேர்போன மாவட்டம். நல்ல கிரானைட் சர்ஃபேஸ் பிளேட் ஒன்று பட்டறையில் இருக்கட்டும். கார்டின் தகட்டை அதன்மேல் வைத்து, 0.05 மி.மீ. ஃபீலர் கேஜ் எந்த இடத்திலும் நுழையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பெட்டிப் பள்ளத்தின் முகத்தை டயல் இண்டிகேட்டரில் ஓட்டிப் பார்க்க வேண்டும். வெல்டிங் செய்த பெட்டி என்றால் வெல்டுக்குப் பிறகுதான் அந்த முகத்தைக் கடைய வேண்டும். வெட்ஜ் லாக்கின் டார்க்கைத் தயாரிப்பாளர் தாளில் பார்த்து டார்க் ஸ்க்ரூடிரைவரில் வையுங்கள். கைக்கணக்கு இங்கே செல்லாது.

எர்த்தும் மூடியும்

அனோடைஸ் செய்த அலுமினியம் பார்க்க அழகு. மின்சாரத்துக்கு அது சுவர். மூடி, கனெக்டர் முகம், எர்த் போல்ட் இடம் இவற்றில் அனோடைஸ் இருந்தால் பெட்டி தனித்தனித் தகடுகளின் கூட்டமாகிவிடும். ஒவ்வொரு சந்தும் ஆன்டெனா. இந்த முகங்களுக்கு மில்-டி.டி.எல். 5541 கிளாஸ் 3 குரோமேட் பூச்சு கேளுங்கள். கிளாஸ் 1ஏ அரிப்புக்கு நல்லது, ஆனால் குறைந்த மின்தடைக்கென்று உள்ளது 3-தான். பெயின்ட் அடிக்க அனுப்பும்போது கேஸ்கெட் பள்ளத்தை மறைத்து அனுப்புங்கள். வரைபடத்தில் "பெயின்ட் கூடாது" என்று சாய்கோடு போட்டு எழுதாவிட்டால் பெயின்ட் பூத்துக்காரர் அடித்தே தருவார்; அவர்மேல் தப்பில்லை.

மூடிக்கும் பெட்டிக்கும், பெட்டிக்கும் எர்த் போல்ட்டுக்கும் இடையே 2.5 மில்லி ஓமுக்குள் இருக்க வேண்டும். சாதாரண மல்டிமீட்டரில் இதை அளக்க முடியாது. அதன் ஒயர்களே 100, 200 மில்லி ஓம் காட்டும். நான்கு முனை மில்லி ஓம் மீட்டர் வேண்டும். உப்புப் புகைச் சோதனைக்கு முன்னும் பின்னும் அளந்து எழுதுங்கள்.

மூடித் திருகுகளின் இடைவெளி 15 மி.மீ.க்குள். ஒரு சந்தின் நீளம் அலைநீளத்தில் இருபதில் ஒரு பங்கைத் தாண்டினால் கசியத் தொடங்கும். 1 கிகாஹெர்ட்ஸில் அது 15 மி.மீ., 18 கிகாஹெர்ட்ஸில் வெறும் 0.8 மி.மீ. மேல் அலைவரிசையில் திருகு மட்டும் உதவாது, தொடர்ச்சியான கடத்தும் கேஸ்கெட் தேவை. வெள்ளி பூசிய செம்புத் துகள் கலந்த கேஸ்கெட் அலுமினியத்தை உப்பில் அரித்துவிடும். வெள்ளி பூசிய அலுமினியத் துகள் கலந்ததை வாங்குங்கள். பள்ளத்தின் ஆழமே கேஸ்கெட் எவ்வளவு நசுங்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கட்டும், திருகுகிறவரின் கைபலம் தீர்மானிக்கக் கூடாது. அலுமினியத்தில் நேராக மரை எடுக்காதீர்கள். பத்து முறை கழற்றி மாட்டும் பெட்டி இது, ஸ்டெயின்லெஸ் ஹெலிகாயில் (மரைச் சுருள்) போடுங்கள்.

28 வோல்ட் உள்ளே வரும் இடம்

"9 முதல் 36 வோல்ட்" என்று எழுதிய தொழில்தர டி.சி.-டி.சி. மாட்யூலை (ஒரு டி.சி. மின்னழுத்தத்தை இன்னொன்றாக மாற்றுவது) நேரடியாக பேட்டரியில் மாட்டுவதுதான் இங்கே முதல் தவறு. 1275 சோதனையில் 100 வோல்ட் சர்ஜ் (மின்னழுத்த எழுச்சி) 50 மில்லி நொடி நிற்கும், 250 வோல்ட் ஸ்பைக்கும் உண்டு. இரண்டாவது தவறு, "டி.வி.எஸ். டயோடு போட்டாச்சு" என்று நிம்மதியாவது (டி.வி.எஸ். என்பது மிகை மின்னழுத்தத்தை வெட்டும் டயோடு). மூலத்தின் தடை அரை ஓம் என்று வைத்து, 40 வோல்ட்டில் கிளாம்ப் செய்தால் 120 ஆம்பியர் பாயும். 40 × 120 × 0.05 = 240 ஜூல். மைக்ரோ நொடித் துடிப்புகளுக்காகச் செய்த டயோடு அது, கருகிப்போகும்.

வரிசை இப்படி இருக்கட்டும்: ஃபியூஸ், ஸ்பைக்குக்கு மட்டும் உயர் மின்னழுத்த டி.வி.எஸ்., தலைகீழ் இணைப்புக்கு மாஸ்ஃபெட் (மின்னணு சுவிட்ச்), தொடரில் மாஸ்ஃபெட் கொண்ட சர்ஜ் ஸ்டாப்பர், வடிகட்டி, அதன்பிறகே டி.சி.-டி.சி. மாட்யூல். சர்ஜ் ஸ்டாப்பர் 34 வோல்ட்டில் நிறுத்தினால் அந்த 50 மில்லி நொடியும் மாஸ்ஃபெட் 66 வோல்ட்டையும் 1.26 ஆம்பியரையும் சுமக்கும், அதாவது 83 வாட். அதன் பாதுகாப்பு எல்லை வரைபடத்தை 25 டிகிரிக்குப் பார்த்துவிட்டு மூடிவைக்காதீர்கள். உங்கள் சுவர் 71-இல் நிற்கிறது.

வடிகட்டியும் டி.சி.-டி.சி.யும் சேர்ந்து ஊளையிடுவதும் உண்டு. டி.சி.-டி.சி. எப்போதும் ஒரே வாட்டை எடுப்பதால், மின்னழுத்தம் குறைந்தால் அதிக மின்னோட்டம் எடுக்கும், எதிர்மறைத் தடை போல. 28 வோல்ட்டில் 18 ஓம், 16 வோல்ட்டில் 6 ஓம்தான். வடிகட்டியின் வெளி மின்மறுப்பு இதற்கு நிறையக் கீழே இருக்க வேண்டும். வடிகட்டியின் செராமிக் கெப்பாசிட்டரைப்போல நான்கு மடங்கு மதிப்புள்ள, கொஞ்சம் உள்தடை கொண்ட ஒரு கெப்பாசிட்டரை இணையாகப் போட்டால் அடங்கும். 28 வோல்ட்டில் மட்டும் சோதித்துவிட்டு விட்டால் இது வாகனத்தில்தான் தெரியவரும்.

சால்டரும் பூச்சும்

ஐ.பி.சி.-ஏ-610 (சால்டர் செய்த போர்டுகளை ஏற்பதற்கான தரம்) கிளாஸ் 3 என்பதுதான் அளவுகோல். தூய டின் பூசிய பாகங்களை ஒதுக்குங்கள். அதில் மெல்லிய இழை முளைத்துப் பக்கத்துக் காலைத் தொடும். தங்கம் பூசிய கனெக்டர் முனைகளைச் சால்டர் செய்யும் முன் இரண்டு முறை டின் குளியலில் முக்கித் தங்கத்தை எடுத்துவிட வேண்டும். சால்டரில் தங்கம் எடையில் 3 சதவீதத்தைத் தாண்டினால் இணைப்பு நொறுங்கும் தன்மை பெறும். மேசையில் பளபளக்கும், அதிர்வு மேடையில் விடும். எம்.எஸ்.எல். 3 (ஈரத்தால் கெடும் தன்மையின் படி) சிப்புகளைப் பொதி பிரித்தபின் 168 மணி நேரத்துக்குள் பொருத்திவிடுங்கள். அந்தக் கணக்கு 30 டிகிரி, 60 சதவீத ஈரப்பதத்துக்கு உட்பட்ட அறைக்கு மட்டும்; ஐப்பசி மழையில் ஏ.சி. இல்லாத அறைக்கு அது செல்லாது.

போர்டை ஈரத்திலிருந்து காக்கும் பூச்சுக்கு அக்ரிலிக் போதும், பழுதுபார்க்கவும் எளிது. 0.03 முதல் 0.13 மி.மீ. வரை. கழுவிய போர்டைச் சில மணி நேரம் சூடுபடுத்தி உலர்த்தாமல் அடித்தால் அடியில் வெண்புள்ளி பூக்கும். அறையில் யாராவது சிலிக்கோன் ஸ்ப்ரே அடித்திருந்தால் மீன்கண் போல வட்டம் வட்டமாக விலகும். புற ஊதா விளக்கில் பார்த்துவிட்டு விடுங்கள். வி.சி.ஓ. (அதிர்வெண் உண்டாக்கும் அலையியற்றி), மைக்ரோஸ்டிரிப் வடிகட்டி, கனெக்டர் இவற்றை மறைத்தே அடிக்க வேண்டும். பூச்சு மின்கடத்தாப் பொருள் என்பதால் வடிகட்டியின் நடு அதிர்வெண் நகர்ந்துவிடும்.

ரேடியோ கேபிள்

எஸ்.எம்.ஏ. (திருகு வகை ரேடியோ கனெக்டர்) நட்டின் டார்க் ஸ்டெயின்லெஸ்ஸுக்கு 0.9 நியூட்டன் மீட்டர், பித்தளைக்கு 0.56. இதற்கென்றே செட் செய்த 8 மி.மீ. டார்க் ஸ்பானர் கிடைக்கிறது. அதில் சிக்கனம் பார்ப்பது வீண். நட்டை மட்டும் திருப்புங்கள். கேபிளோடு சேர்த்து உடம்பைத் திருப்பினால் நடு ஊசி பெண் முனையைக் குடைந்துவிடும். முதல் நாள் அளவு சரியாக வரும், கழற்றி மாட்டினால் ஒவ்வொரு முறையும் வேறு அளவு.

முன்பகுதியில் இழக்கும் ஒவ்வொரு டெசிபலும் நேராகக் கேட்புத்திறனில் கழியும். 25 கிலோஹெர்ட்ஸ் சேனலுக்கு: மைனஸ் 174, அலை அகலத்துக்கு 44, இரைச்சல் எண் 6, தேவையான சிக்னல் விகிதம் 10. கூட்டினால் மைனஸ் 114 டி.பி.எம். (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபல்). ஆன்டெனா கனெக்டருக்கும் முதல் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவே 2 டெசிபல் கேபிள் வைத்தால் அது மைனஸ் 112.

அதே வாகனத்தில் 50 வாட் செட் ஒன்று இருந்தால்? 47 டி.பி.எம். இரண்டு ஆன்டெனாக்களுக்கும் இடையே 25 டெசிபல் பிரிப்பு என்றாலும் 22 டி.பி.எம். உங்கள் வாசலுக்கு வந்து நிற்கும். லிமிட்டரும் முன்வடிகட்டியும் இல்லாத ஆம்ப்ளிஃபையர் முதல் நாளே போய்விடும்.

ரெஃபரன்ஸ் கிறிஸ்டலை ரப்பர் மவுண்டில் வையுங்கள். 40 மெகாஹெர்ட்ஸ் கிறிஸ்டல் ஒன்று ஒரு ஜி-க்கு (புவியீர்ப்பு முடுக்கம்) நூறு கோடியில் ஒரு பங்கு நகரும் வகை என்றால், 100 ஹெர்ட்ஸில் 1 ஜி அதிர்வு தரும் பக்க அலை மைனஸ் 74 டெசிபல். அதை 4 கிகாஹெர்ட்ஸுக்குப் பெருக்கும்போது 40 டெசிபல் கூடி மைனஸ் 34 ஆகிறது. நிற்கும் வண்டியில் அருமையாகக் கேட்டு, எஞ்சின் ஓடும்போது கரகரப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

தன் பெட்டியே தனக்கு எதிரி

கணினியும் ரேடியோவும் ஒரே பெட்டியில் இருப்பதால் இந்தச் சோதனையை விடவே கூடாது. ஆன்டெனா கனெக்டரில் 50 ஓம் டெர்மினேட்டரை மாட்டுங்கள். 30 முதல் 88 மெகாஹெர்ட்ஸ் வரை 25 கிலோஹெர்ட்ஸ் படியில் 2,320 சேனல்கள். ஒவ்வொன்றிலும் இரைச்சல் மட்டத்தைப் பதிவு செய்ய ஒரு சிறு ஸ்கிரிப்ட் எழுதுங்கள். முதலில் கணினி சும்மா இருக்கும்போது, பிறகு முழு லோடில், ஈதர்நெட் கேபிளில் தரவு ஓடும்போது, டிஸ்ப்ளே மாட்டியபோது. 3 டெசிபலுக்கு மேல் உயர்ந்த சேனல்களை மட்டும் பட்டியலிடுங்கள்.

பட்டியலே குற்றவாளியைச் சொல்லிவிடும். 50-இலும் 75-இலும் கூர்முனை என்றால் ஈதர்நெட்டின் 25 மெகாஹெர்ட்ஸ் கிறிஸ்டல். சீப்புப் பல் போல 400 கிலோஹெர்ட்ஸுக்கு ஒன்று என்றால் டி.சி.-டி.சி. மாட்யூல்தான். லோடு மாறும்போது பற்கள் நகர்ந்தால் சந்தேகமே வேண்டாம். கணினியின் கடிகாரத்தில் ஸ்பிரெட் ஸ்பெக்ட்ரம் வசதியை இயக்கினால் முனை உயரம் குறையும், சோதனைக்கூடத் தாளில் பாஸ் வரும். ஆனால் அந்த ஆற்றல் பக்கத்துச் சேனல்களில் பரவி, ஒன்றுக்குப் பதில் இருபது சேனல் கெடும். ரேடியோ பெட்டியில் அதை அணைத்தே வைக்கச் சொல்வோம். டி.சி.-டி.சி.யை வெளிக் கடிகாரத்தில் பூட்டி, பற்கள் தேவையான சேனல்களில் விழாதபடி அதிர்வெண்ணை நகர்த்துவது நல்ல வழி. ஈதர்நெட்டுக்கு காமன் மோட் சோக் (இரு ஒயரிலும் சேர்ந்து ஓடும் இரைச்சலைத் தடுக்கும் சுருள்), ரேடியோவின் அனலாக் பகுதிக்குத் தனி எல்.டி.ஓ. (மின்னழுத்தச் சீராக்கி), அதன்மேல் தகர மூடி. எங்கே கசிகிறது என்று தெரிய கோஆக்ஸ் கேபிள் நுனியைச் சிறு வளையமாக்கிச் சால்டர் செய்த புரோப் போதும்.

சோதனைக்கூடத்துக்குப் போகும்போது

அதிர்வுக்கு முன்னும் பின்னும் குறைந்த அளவில் ஒரு சைன் ஸ்வீப் (அதிர்வெண்ணை மெல்ல மாற்றிக்கொண்டே தரும் அதிர்வு) எடுங்கள். ஒத்ததிர்வு கீழே நகர்ந்திருந்தால் உள்ளே ஏதோ விட்டிருக்கிறது, மின்சார ரீதியாக எல்லாம் சரியாக இருந்தாலும். உயரமான இண்டக்டர், எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் இவற்றின் அடியில் எபாக்ஸி வைத்திருக்கிறீர்களா என்று மேடையில் ஏற்றும் முன் பாருங்கள்.

461 சோதனையில் விழும் பெட்டிகளில் கணிசமானவை கேபிளால் விழுகின்றன. ஷீல்டை முறுக்கி 50 மி.மீ. வாலாக எர்த் போல்ட்டில் கட்டினால் அது ஏறத்தாழ 50 நானோ ஹென்றி. 100 மெகாஹெர்ட்ஸில் 31 ஓம். ஷீல்டு இல்லாததற்குச் சமம். வட்டக் கனெக்டரில் 360 டிகிரியும் ஷீல்டைப் பிடிக்கும் பேக்ஷெல் வாங்குங்கள். பவர் ஒயருக்கு ஷீல்டு போட்டுச் சமாளிக்கலாம் என்றால் அங்கே அனுமதி கிடையாது. 461-இல் உள்வரும் பவர் ஒயர் ஷீல்டு இல்லாமல்தான் இருக்க வேண்டும். குறைந்தது 2 மீட்டர் கேபிள், தரைத்தகட்டுக்கு 5 செ.மீ. மேலே, முன்விளிம்பிலிருந்து 10 செ.மீ. உள்ளே படுக்க வேண்டும். அதே நீளத்தில் கேபிள் செய்து எடுத்துப்போங்கள், மேசையில் பயன்படுத்திய அரை மீட்டர் கேபிளை அல்ல.

சென்னை தரமணியில் சமீர் மையம், பெங்களூரில் இ.டி.டி.சி. என்று அரசுச் சோதனைக்கூடங்களுக்குப் போகும் பட்சத்தில் பையில் இவை இருக்கட்டும்: கடத்தும் பசையுள்ள செம்பு டேப், மூன்று அளவில் கிளிப் ஃபெர்ரைட், உபரி கேஸ்கெட், மாற்று வடிகட்டிப் போர்டு ஒன்று, மில்லி ஓம் மீட்டர், இரண்டு டார்க் ஸ்பானர்கள், மூடியின் திருகு செட் முழுதாக இன்னொன்று. சோதனை விழுந்தால் முதலில் எல்லா வெளிக் கேபிளையும் கழற்றிப் பவர் ஒயரோடு மட்டும் ஓட்டுங்கள். முனை மறைந்தால் கேபிள். மறையாவிட்டால் மூடிச் சந்துகள்மேல் செம்பு டேப்பை ஒட்டி, ஒவ்வொரு பக்கமாகப் பிரித்துக்கொண்டே வாருங்கள். எந்தப் பக்கம் பிரித்ததும் முனை திரும்புகிறதோ, அந்தப் பக்கத்துக் கேஸ்கெட் பள்ளத்தில்தான் பெயின்ட் ஏறியிருக்கும்.